மழை பெய்தால் மட்டும் புறப்படும் வேன்

1

வேனில் இருந்தவர்கள்.

லெட்சுமி அக்கா. என் கூடப்பிறந்தவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார்.

அக்காவின் புருஷன், என் மச்சான். தோட்டத்து வாச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முன் சீட்டை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சுரேஷ், அவர்கள் மகன். அவிசாவளையில் துணிக்கடையில் வேலை. உடம்பு சரியில்லை என்று அன்றைக்குக் கடைக்குச் சொல்லியிருந்தான். வேனுக்குள் அவன் போட்ட ஆட்டத்தை முதலாளி பார்த்திருந்தால் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

செல்வி, என் மனைவி. மடியில் ரொட்டிச் சட்டி. சட்டிக்கு மேல் சம்பல் போத்தல்.

தர்ஷி, எங்கள் மகள். பதினாறு வயது. இத்தாலியில் பிறந்தவள்.

சுனில், வேன்காரர். சிங்களவர். எங்கள் தமிழ் நன்றாகவே பேசுவார்.

பிறகு நான்.

வெளியே கொட்டுகிற மழை. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடியது. ரோடு தெரியவில்லை. எல்லோரும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

2

இதை இத்தாலியில் இருந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். நீட்டி எழுதத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே மழை. தர்ஷி ஜன்னலைப் பார்த்தாள். "அத்தைக்கு இன்னைக்கு லீவு" என்றாள். இங்கே பெய்கிற மழைக்கு அங்கே லீவு கிடையாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன்பாட்டில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு போனாள். நான்தான் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு ஒரு சீஸ் ஃபெக்டரியில் வேலை. அச்சு கழுவுவது. தோட்டத்தில் ரப்பர் பாலை உறையவைத்தார்கள். இங்கே மாட்டுப் பாலை உறையவைக்கிறார்கள். வாடைதான் வேறு.

இங்கே என்னை முனியாண்டி என்று கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா பெயர். முதல் நாள் ஆபீசில் எது வீட்டுப் பெயர் என்று கேட்டார்கள். எங்களுக்கு வீட்டுப் பெயர் ஏது? அப்பா பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து அப்பாதான் இத்தாலியில் அச்சு கழுவுகிறார். உயிரோடு இருந்தவரைக்கும் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு அப்பால் போகாத மனிதர். இப்போது செல்வியும் முனியாண்டி, தர்ஷியும் முனியாண்டி. பள்ளிக்கூடத்தில் "முனி" என்று கூப்பிடுவார்களாம். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அழகாக இருக்கிறது என்கிறாள்.

3

அக்காவை இங்கே கூப்பிட விசாவுக்குக் கொடுத்துப் பார்த்தேன். முடியாது என்றார்கள். மறுபடியும் கொடுத்தேன். மறுபடியும் முடியாது. திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாதாம். ஒரு நாள் லீவு போட மறுக்கிற மனுஷியைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள்.

அதனால் இந்தத் தடவை ஊருக்குப் போனபோது ஒரே ஒரு திட்டம்தான். அக்காவை ஒரு நாள் ட்ரிப் கூட்டிப்போக வேண்டும். கித்துல்கல பக்கம் மலைக்கு மேலே ஒரு வியூ பொயின்ட் இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் ஒரு எல்ல. எல்ல என்றால் அருவி. எங்கள் பக்கத்தில் தமிழ் ஆட்களும் எல்ல என்றுதான் சொல்வோம். தோட்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். அக்கா பார்த்ததில்லை.

கேட்டவுடன் சரி என்றார். "மழை பேஞ்சா வர்றேன்."

செல்விக்கு விளங்கவில்லை. "மழை பேஞ்சா எப்படிங்க மதினி ட்ரிப் போறது?"

"வெயில்ல வந்தா என் மரத்த யாரு வெட்டுவா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் சிரட்டையில் விழாது, பட்டையெல்லாம் பரவி வழிந்துவிடும். எங்கள் தோட்டத்தில் மரத்துக்குப் பாவாடை மாதிரி பாலிதீன் கட்டுகிற வழக்கமும் இல்லை. அதனால் விடிகாலை மழை என்றால் வெட்டு இல்லை. எல்லோருக்கும் ஓய்வு. வெயில் நாளில் அக்கா லீவு போட்டால் அவருடைய மலையை, அதாவது அவர் பங்குக்கு வெட்டுகிற மரங்களை, வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வேறு கை, வேறு கத்தி. கத்தி ஆழமாய்ப் போனால் மரத்துக்குக் காயம். காயம் ஆறினாலும் அந்த இடத்தில் பட்டை முடிச்சு விழும். அடுத்த சுற்றுக்கு அங்கே கத்தி ஓடாது. அக்காவின் மலையில் முந்நூறு மரம் போல இருக்கும். முடிச்சு உள்ள மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மச்சான் சொன்னார், "அவ கல்யாணத்துக்கே மழை நாள் பாத்துத்தான் வந்தா."

அது உண்மைதானாம். செல்வி அக்காவைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

4

அந்த ஆகஸ்டில் மழை எங்களோடு கண்ணாமூச்சி விளையாடியது. சாயங்காலம் பெய்யும். இரவு முழுக்கப் பெய்யும். நாலு மணிக்கு நின்றுவிடும். விடியும்போது வானம் பளிச்சென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் மரம் காய்ந்துவிடும். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தர்ஷி ஊருக்கு வந்ததிலிருந்து போனும் கையுமாக இருந்தாள். அடுத்த வருஷம் சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போகிறேன், ஊருக்கு வரவில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நான் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல. ஆனால் இந்த மழை விஷயம் அவளுக்குப் பிடித்துவிட்டது. போனில் வானிலை பார்த்துத் தினமும் இரவு அத்தைக்கு அறிவிப்பாள். நாளைக்குக் காலை அஞ்சு மணிக்கு மழை என்பாள். அக்கா வெளியே போய் ஈசல் பறக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, ஆறு மணிக்கு என்பார். இரண்டு பேரும் பந்தயம் கட்டுவார்கள். இரண்டு பேரும் தோற்பார்கள்.

சுனிலுக்குத்தான் பெரிய குழப்பம். "மாத்தயா, மழை பேஞ்சா வேன் வேணாம்னு சொல்ற ஆள்கள எனக்குத் தெரியும். மழை இல்லாட்டி வேணாம்னு சொல்றது நீங்கதான்" என்றார். ஆனாலும் நல்ல மனுஷன். தினமும் விடிகாலையில் போன் எடுப்பார். "மழ இல்ல. தூங்குங்க" என்று சொல்லி வைத்துவிடுவார்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மற்றவர்களுக்கு எங்கள்மேல் கடுப்பு. அடுத்த காம்பிராவில் இருக்கும் ராஜேஸ்வரி நேராகவே கேட்டுவிட்டார், நீங்கள் ட்ரிப் போவதற்கு நாங்கள் நனைய வேண்டுமா என்று. ராஜேஸ்வரி போன வருஷம் வரை அக்காவோடு பால் வெட்டியவர். ஓய்வு பெற்றபின் ஆள் குறைந்தால் கைக்காசுக்கு வந்து வெட்டிக் கொடுப்பார். அவருக்கும் அக்காவுக்கும் ஆகாது. சண்டை என்று சொல்ல முடியாது. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அக்கா, "அது கை பாரம். வெட்டாது, கொத்தும்" என்பார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். "ஆமா, ஒங்க மரத்துல தங்கம் வடியுது." சுவர் பாதி உயரம்தான்.

இப்படியே லீவு கரைந்தது. விமானம் ஏற இரண்டு நாள்தான் மிச்சம்.

5

பெய்தது.

தகரக் கூரையில் சத்தம் கேட்டு எல்லோரும் எழுந்து உட்கார்ந்தோம். ஒருவரும் பேசவில்லை. பேசினால் நின்றுவிடும் என்ற பயம். தர்ஷி வாசலுக்கு ஓடினாள். நனைந்துகொண்டு நின்று வானத்தைப் பார்த்து இத்தாலிய மொழியில் என்னவோ சொன்னாள். அது நல்ல வார்த்தை இல்லை. சந்தோஷத்தில் சொல்கிற கெட்ட வார்த்தை. நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

அக்கா மட்டும் மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு பெரட்டுக்குப் போனார். பெரட்டு என்றால் காலையில் பெயர் கொடுக்கிற இடம். கங்காணி ஒரு மரத்தில் கையை வைத்துப் பார்த்தாராம். வானத்தைப் பார்த்தாராம். "இது விடாது. நீ போயிட்டு வா லெட்சுமி" என்றாராம். அக்கா ஓடி வந்தார். சந்தோஷத்தில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சுனில் வந்து ஹோர்ன் அடித்தார். அக்கா கையில் பால் வாளி. எதற்கு என்று கேட்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஏறக் கூச்சமாக இருக்கிறதாம். நன்றாகக் கழுவி, மாற்றுத் துணியை அதற்குள் வைத்திருந்தார். யட்டியாந்தோட்ட தாண்டுவதற்குள் துணி வெளியே வந்துவிட்டது. வாளி மேளமாகிவிட்டது. சுரேஷ் அடித்தான். சுனில் பைலா பாடினார். தர்ஷிக்கு வார்த்தை தெரியவில்லை. அவள் பள்ளிக்கூட பஸ்ஸில் பாடுகிற ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். ஃபுட்பால் பார்க்கப் போகிறவர்கள் கத்துகிற பாட்டு. மெட்டை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மச்சானுக்கு இத்தாலிய வார்த்தை வாயில் நுழையவில்லை. அவர் பஸ் ஹோல்ட் பெயர்களைப் போட்டுப் பாடினார். தெஹியோவிட்ட, கரவனெல்ல, யட்டியாந்தோட்ட, கித்துல்கல. கச்சிதமாகப் பொருந்தியது. இத்தாலிக்காரர்கள் கேட்டால் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

செல்வி சம்பல் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடினாள். எனக்கும் தோள் ஆடியது. நான் ஆட்டவில்லை.

6

வியூ பொயின்டில் ஒரு பலகை, ஒரு வேலி, ஒரு சோளக் கடை. மற்றது எல்லாம் வெள்ளை. மேகம் முகத்தில் ஒட்டியது. மழை தூறலாகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் மலை இருக்கிறதா கடல் இருக்கிறதா தெரியவில்லை. சுரேஷ் எங்களை நிறுத்திப் படம் எடுத்தான். படத்தில் நாங்களும் பாதிதான் இருந்தோம்.

"மழ கேட்டோம். குடுத்துட்டான்" என்றார் மச்சான்.

சோளம் வாங்கினேன். வாங்கும்போது வாய் தவறி "கிராத்சியே" என்றேன். இத்தாலியில் இருந்த வருஷங்களில் அந்த ஊர் நன்றி வாயில் குடியேறிவிட்டது. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "ப்ரேகோ" என்றார். அவர் மிலானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தவராம். நானும் அவரும் அந்த மேகத்துக்குள் நின்று, கித்துல்கலைக்கு மேலே, இத்தாலிய மொழியில் விலைவாசி பேசினோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு வாளியின்மேல் உட்கார்ந்து சிரித்தார். தம்பி வாயில் இருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று நினைக்கவில்லையாம்.

அப்போதுதான் மேகம் விலகியது. மேலிருந்து கீழாகக் கிழிந்தது. முதலில் ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் எண்ண முடியாத அளவு. கீழே களனி ஆறு செங்கல் நிறத்தில் ஓடியது. எதிர் மலையில் மூன்று நாலு இடத்தில் புது எல்ல கிளம்பித் தொங்கியது. செல்வி என் கையைப் பிடித்தாள். ஆட்கள் முன்னால் பிடிக்கமாட்டாள்.

அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்த பக்கம் தூரத்தில் ஒரு பன்சலை, புத்த கோயில், வெள்ளையாகத் தெரிந்தது. எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கிராமத்துப் பன்சலை. அதைச் சுற்றி மலையெல்லாம் மஞ்சளாக மின்னியது.

"நம்ம மலையில வெயிலு" என்றார்.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நேரத்தோடு மழை நின்று வெயில் அடித்தால் பட்டை காய்ந்துவிடும். பதினொரு மணிக்குள் காய்ந்தால் பிந்தின வெட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாத மலைக்கு வேறு கை போகும்.

மச்சான், கூப்பிட்டால் கூப்பிடட்டும், ஒரு நாளில் மரம் செத்துவிடாது என்றார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "ஒங்களுக்கென்னா. ஒங்க மரமா?"

சுனில் மணி பார்த்தார். இப்போதே திருப்பினால் வெட்டுக்குப் போய்ச் சேரலாம் என்றார். மேலே, வளைவுக்கு அந்தப் பக்கம், எல்லயின் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் அக்காவின் முதுகைப் பார்த்தேன். இவருக்கு ஒரு நாள் கொடுக்கலாம் என்று வந்தேன். மரத்தை நினைத்துக்கொண்டே எல்லயைப் பார்ப்பது என்ன நாள்?

"திருப்புங்க" என்றேன்.

சுனில் ஏறி ரிவர்ஸ் போட்டார். சுரேஷ் வாளியை எடுத்து உள்ளே வைத்தான். அக்கா வேலியை விட்டு வந்தார். என் தலையில் ஒரு தட்டு. சின்ன வயதில் தட்டுகிற மாதிரியே.

"லூசாடா நீ? இவ்வளவு தூரம் பறந்து வந்துட்டு."

போன் கேட்டார். எங்கள் போன்களில் சிக்னல் இல்லை. தர்ஷியின் வெளிநாட்டுப் போனில் இருந்தது. கங்காணியைப் பிடித்தாள். சத்தத்தைக் கூட்டி, அத்தையின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, லெட்சுமி பேசுறேன். வெட்டு இருக்கா?"

"பத்தரைக்கு இருக்கு. ஒன் மலைக்கு யாரையாவது போடுறேன்."

அக்கா வெயில் அடிக்கிற மலையைப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"யாரையாவது வேணாங்க. ராஜேஸ்வரியப் போடுங்க."

கங்காணி, பேசுவது லெட்சுமிதானா என்று கேட்டார்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது மரத்துக்குக் குறையாமல் காயம் வைப்பாள் என்று சொன்னார். பிறகு வேனில் ஏறி, மச்சானைப் பின்னால் தள்ளிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார்.

7

எல்லக்குப் போகிற வழியில் டிக்கெட் கூண்டு. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு வரிசை, உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை. தர்ஷியின் சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் வெளிநாட்டுக்காரர் வரிசைக்குப் போகச் சொன்னார்கள். இத்தாலியில் ஆபீசுக்குப் போனாலும் வெளிநாட்டுக்காரர் வரிசை. பழகிவிட்டது, போய் நின்றேன். சுனில் வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். எல்லாம் எங்கள் கூட்டம்தான் என்று சிங்களத்தில் கூண்டுக்காரரிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. அக்கா முன்னால் போனார். பால் கறை பிடித்த இரண்டு கையையும் விரித்துக் காட்டி, இது என் தம்பி, அது என் மருமகள், வேண்டுமானால் முகத்தைப் பாருங்கள் என்று அவரும் சிங்களத்தில் சொன்னார். கூண்டுக்காரர் அக்கா, நான், தர்ஷி என்று மூன்று முகத்தையும் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே மூக்கு. விட்டுவிட்டார்.

எல்ல அன்றைக்கு எல்லயாக இல்லை. மலையே உருகி விழுந்தது. மேல் குளத்தில் இறங்கக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். கீழே பாறைகளுக்கு நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். அங்கேயே சாரல் ஆளை அடித்தது. பேசினால் கேட்கவில்லை. பல் கிடுகிடுத்தது.

அக்கா சேலையோடு இறங்கினார். முதலில் மெதுவாக, மலையில் ஏறுகிற மாதிரி, காலை அழுத்தி வைத்து. பிறகு கையைத் தூக்கினார். பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. சுற்ற ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்தாறு வயது மனுஷி. தர்ஷியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பம்பரம்போல. செல்வி போனாள். சுரேஷ் வாளியில் அள்ளி எல்லோர் தலையிலும் ஊற்றினான். மச்சான் வழுக்கி உட்கார்ந்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் காற்று பிடித்து அவரைச் சுற்றிக் குடைபோல எழும்பியது. எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. நான் ராஜா மாதிரி இருக்கிறேனா என்று கேட்டார். சுனில் கரையில் இருந்து படம் எடுத்தவர், போனைப் பாறையில் வைத்துவிட்டுச் சட்டையோடு பாய்ந்தார்.

அக்கா என் காதுக்குள் கத்தினார். "மழ வந்தா பாலத் தூக்கிட்டு ஓடித்தான் பழக்கம். தண்ணிக்குள்ள ஓடுறது இன்னைக்குத்தான்."

கரை ஏறியபோது தர்ஷியின் காலில் அட்டை. அலறுவாள் என்று பார்த்தேன். அவள் அதற்கு ஒரு இத்தாலியப் பெயர் வைத்தாள். அக்கா சவர்க்காரத்தைத் தடவி அதை எடுத்துவிட்டார். ரொட்டி நனைந்திருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

8

தோட்டத்துக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. ராஜேஸ்வரியின் கதவு சாத்தியிருந்தது. விளக்கு எரிந்தது. சுவருக்கு மேல் ஒரு சத்தமும் வரவில்லை. அக்காவும் கேட்கவில்லை. படுத்தார். தூங்கினாரா தெரியாது.

விடிந்ததும் மலைக்குப் போனார். தர்ஷியும் கூடப் போனாள். நான் எழுப்பவில்லை. அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு நாங்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வேண்டும். சுனில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். மச்சான் வாசலில் நின்றார். ராஜேஸ்வரி அவர் வாசலில் தேத்தண்ணி டம்ளரோடு நின்றார். வேனைப் பார்க்க வந்தவர்போல நின்றார்.

அவர்கள் இறங்கி வந்தார்கள். தர்ஷியின் முழங்கால் வரை சேறு. விரலெல்லாம் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் அத்தை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் மழை எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன்.

"என்னா லெட்சுமி, எத்தன மரத்துக்குக் காயம்?" என்றார் மச்சான்.

அக்கா நேராக ராஜேஸ்வரியிடம் போனார். அவர் கையில் இருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் சொன்னார்.

"ரெண்டு."